இஷ்பீலியாவின் மினாராவும் செவில் பேராலயமும்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் செவில் நகரம் அமைந்துள்ளது. அரபு நூல்கள் இந்நகரை இஷ்பீலியா என்று குறிக்கின்றன. ஆற்றின் பெயரும் ‘வாதீ அல்கபீர்’, அதாவது பெரிய ஆறு, என்னும் அரபுத் தொடரின் திரிபேயாகும். நகரின் நடுவே, கோதிக் பாணியில் எழுந்த தேவாலயங்களுள் உலகிலேயே மிகப் பெரியது எனப் போற்றப்படும் புனித மரியாள் பேராலயம் நிற்கிறது. அதனை ஒட்டி உயர்ந்து நிற்கும் மணிக்கோபுரமோ ஒரு காலத்தில் பாங்கொலி எழுந்த மினாரா. பேராலயத்தையும் அருகிலுள்ள அரண்மனையையும் பழம் ஆவணக் காப்பகத்தையும் ஒருசேர 1987இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்தலுஸைப் பற்றி நம்மவர் பேசும்போது கோர்தோபாவின் பள்ளிவாசலும் கிரனாடாவின் அல்ஹம்ராவும் முன்னே வந்து நிற்கும். செவிலைப் பற்றிய பேச்சு வந்தால், “அந்த மினாரா நம்முடையது” என்னும் ஒரு வரியோடு முடித்துக்கொள்வோம். மறுபுறம், மினாராவை வெறும் அழகுப் பொருளாக எண்ணி, பேராலயத்தின் பெருமையை மட்டும் பேசுவாரும் உளர். இவ்விரண்டு பார்வைகளும் அக்கட்டடத்துக்கு நீதி செய்வன அல்ல என்பது நம் கருத்து. அங்கே இடிக்கப்பட்டது எது, காக்கப்பட்டது எது, புதிதாக எழுந்தது எது என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு வடக்கு வாயிலில் தொடங்கிக் கோபுரத்தின் உச்சி வரை சென்று, பின் ஆலயத்தின் கீழ்க்கோடியில் உள்ள ஒரு கல்லறைக்கு வந்து சேர்வது ஏற்ற வழியாகும்.

பள்ளிவாசல் எழுந்த காலம்

12ஆம் நூற்றாண்டில் முவஹ்ஹிது மரபினர் மொரோக்கோவிலிருந்து அந்தலுஸை ஆண்டனர். அவர்களுள் கலீஃபா அபூ யஃகூப் யூசுஃப் செவிலைத் தம் அந்தலுஸ் தலைநகராக்கிக் கொண்டார். நகரின் பழைய ஜாமிஆ பள்ளிவாசல் 9ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. பெருகிய மக்கள் தொகைக்கு அது போதவில்லை. ஆகவே 1172இல் புதிய பள்ளிவாசலுக்கான பணி தொடங்கிற்று. தலைமைக் கட்டடக் கலைஞர் அஹ்மத் இப்னு பாஸோ. இப்பணியை உடனிருந்து கண்டு எழுதிவைத்தவர் இப்னு ஸாஹிப் அஸ்ஸலாத் என்னும் வரலாற்றாசிரியர். 1182இல் அங்கு முதல் குத்பா ஓதப்பட்டது. 1184இல் மினாரா எழுப்புமாறு கலீஃபா ஆணையிட்டார். அவ்வாண்டிலேயே சந்தரேம் முற்றுகையை அடுத்து அவர் காலமானார். தடைப்பட்ட பணியை அவர் மகன் யஃகூப் அல்மன்ஸூர் மீண்டும் தொடங்கினார். இப்னு பாஸோ கல்லால் அமைத்த அடித்தளத்தின்மேல் அலீ அல்குமாரீ என்பவர் செங்கல்லால் கோபுரத்தை உயர்த்தினார். 1198இல், அதாவது ஹிஜ்ரி 594இல், உச்சியில் பொன் முலாம் பூசிய உருண்டைகள் ஏற்றப்பட்டுப் பணி நிறைவுற்றது.

இந்த ஆண்டுகளில் அந்நகரில் யார் யார் வாழ்ந்தனர் என்பதை நினைத்துப் பார்த்தல் தகும். அரிஸ்டாட்டிலுக்கு உரை வகுத்த இப்னு ருஷ்து 1169இல் செவிலின் காழியாகப் பொறுப்பேற்றவர். ‘ஹய்யிப்னு யக்ழான்’ எழுதிய இப்னு துஃபைல் கலீஃபாவின் மருத்துவர். நம் ஸூஃபிப் பெருமக்கள் ‘ஷெய்குல் அக்பர்’ என்று மதிக்கும் முஹ்யித்தீன் இப்னு அரபீ 1165இல் முர்ஸியாவில் பிறந்து, சிறுவராகக் குடும்பத்தோடு செவிலுக்கு வந்து வளர்ந்தவர். பள்ளிவாசலின் சுவர்கள் எழுந்த காலமும் இப்னு அரபீயின் இளமைக் காலமும் ஒன்றே. கட்டடத்தைப் பார்க்கப் போகிறவர் இதனையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு போதல் நல்லது.

நாரத்தை முற்றம்

வடபுறத்தில் ‘மன்னிப்பு வாயில்’ என்று இன்று வழங்கும் நுழைவாயில் உள்ளது. பள்ளிவாசலின் தலைவாயில் இதுவே. கதவுகள் மரத்தாலானவை, மேலே வெண்கலத் தகடுகள் போர்த்தப்பட்டுள்ளன. அத்தகடுகளில் கூஃபி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆட்சி அல்லாஹ்வுக்கே, நிலைபேறு அல்லாஹ்வுக்கே என்பது அவற்றின் பொருள். வளைவின் மேலும் சுற்றிலும் 16ஆம் நூற்றாண்டில் கிறித்தவச் சிற்பங்களும் சுதை வேலைகளும் சேர்க்கப்பட்டன. ஆயினும் கதவு மாற்றப்படவில்லை. எண்ணூறு ஆண்டுகளாக அவ்வெழுத்துகளைக் கடந்தே மக்கள் உள்ளே சென்று வருகின்றனர். படித்துப் பார்ப்பவர் சிலரே.

உள்ளே நுழைந்தால் பரந்த முற்றம். வரிசை வரிசையாக மரங்கள். மரங்களின் அடிக்கு நீர் செல்லத் தரையில் வெட்டிய சிறு வாய்க்கால்கள். நடுவே ஒரு நீரூற்று. பள்ளிவாசலின் திறந்த முற்றம் இது. தொழ வந்தோர் ஒளுச் செய்த இடம். முற்றத்தைச் சூழ்ந்த வளைவுத் தாழ்வாரங்களுள் வடக்கும் கிழக்கும் எஞ்சியுள்ளன. மேற்குப் பகுதியை 17ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு சிற்றாலயம் விழுங்கிவிட்டது.

முற்றத்தின் பெயர் ‘பாத்தியோ தெ லோஸ் நாரன்ஹோஸ்’. ‘நாரன்ஹா’ என்பது ஸ்பானிய மொழியில் ஆரஞ்சுப் பழத்தின் பெயர். தமிழ்த்துறையினராகிய நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். இச்சொல் ‘நாரஞ்ஜ்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அரபுக்கு அது பாரசீக ‘நாரங்’ வழியாகவும், பாரசீகத்துக்கு வடமொழி ‘நாரங்க’ வழியாகவும் வந்தது. வடமொழிச் சொல்லுக்கு மூலம் திராவிட மொழிகளே என்பது மொழிநூலார் பலர் கருத்து. தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரகம் என வழங்கும் சொற்களை அவர்கள் சான்று காட்டுவர். நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியில் கிடக்கும் நாரத்தையும் இந்த முற்றத்துப் பெயரும் ஒரு வேரின் கிளைகள் என்று எண்ணும்போது மகிழ்ச்சி பிறக்கிறது. பழமும் அத்தகையதே. செவிலின் ஆரஞ்சு உரித்துத் தின்னும் இனிப்பு வகையன்று. கசப்பும் புளிப்பும் மிக்கது. அம்மரத்தை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்து வளர்த்தவர்கள் அரபியர்.

முற்றத்திலிருந்து ஆலயத்துக்குள் செல்லும் ஒரு வாயிலருகே மரத்தாலான முதலை ஒன்று தொங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தின் மம்லூக் சுல்தான் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோவுக்கு உயிர் முதலையைப் பரிசாக அனுப்பினார் என்றும், அது இறந்தபின் அதன் நினைவாக மர உருவம் செய்து தொங்கவிட்டனர் என்றும் செவிவழி மரபு உண்டு. தேவாலய வாயிலில் சுல்தானின் முதலை! மாணவர்களுக்குச் சொல்ல நல்ல கதை.

நகரம் கைமாறியது

1248 நவம்பரில், நீண்ட முற்றுகைக்குப் பின், காஸ்டீல் மன்னர் மூன்றாம் ஃபெர்னாண்டோவிடம் செவில் பணிந்தது. சரணடைவுப் பேச்சின்போது, பள்ளிவாசலின் மினாராவை இடித்துவிட்டு வெளியேற முஸ்லிம்கள் இசைவு கேட்டனர் என்றும், கோபுரத்திலிருந்து ஒரு செங்கல் பெயர்க்கப்பட்டாலும் ஒருவர்கூட உயிருடன் தப்ப முடியாது என்று இளவரசர் அல்ஃபோன்ஸோ மறுத்தார் என்றும் காஸ்டீலின் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. கட்டியவர்கள் இடிக்க விரும்பினர். வென்றவர்கள் காக்க விரும்பினர். அந்த மினாராவின் அழகுக்கு இதைவிடப் பெரிய சான்று வேறு வேண்டுவதில்லை. ஆனால் அந்த அழகைக் காத்தவர்கள் அதன் நிழலில் வாழ்ந்த மக்களைக் காக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நகரின் முஸ்லிம்கள் ஏறத்தாழ அனைவரும் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். கிரனாடாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் அவர்கள் சிதறினர். அந்நூற்றாண்டில் அபுல் பகா அர்ருந்தீ பாடிய அந்தலுஸ் இரங்கற்பா, வீழ்ந்த நகரங்களுள் செவிலையும் எண்ணி அழுகிறது. நம் இலக்கணத்தில் அதனைக் கையறுநிலை என்னும் துறையில் வைக்கலாம்.

நகரின் வீழ்ச்சிக்குச் சற்று முன்னரே வெளியேறிய குடும்பங்களுள் ஒன்று கல்தூன் குடும்பம். அவர்கள் முதலில் சப்தாவுக்கும் பின்னர்த் தூனிஸுக்கும் சென்றனர். அக்குடும்பத்தில் 1332இல் பிறந்தவரே ‘முகத்திமா’ எழுதிய இப்னு கல்தூன். கிரனாடா சுல்தானின் தூதராக அவர் ஹிஜ்ரி 765இல், அதாவது 1363-64இல், செவிலுக்கு வந்தார். அங்கே தம் முன்னோர் விட்டுச்சென்ற சுவடுகளைக் கண்டதைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். காஸ்டீல் மன்னர் பெத்ரோ அவரை மதித்து வரவேற்று, தம்மிடமே தங்கிவிட்டால் முன்னோரின் நிலங்களை மீட்டுத் தருவதாகக் கூறினார். இப்னு கல்தூன் நன்றியுடன் மறுத்துவிட்டார்.

அவர் வந்தபோது பள்ளிவாசல் பேராலயமாக வழங்கி நூறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. எனினும் கட்டடம் இடிக்கப்பட்டிருக்கவில்லை. பள்ளிவாசலின் கிப்லாச் சுவர் தெற்கே இருந்தது. அதனை நோக்கிப் பதினேழு வளைவு வரிசைகள் சென்றன. கிறித்தவர்கள் பலிபீடத்தைக் கிழக்கே அமைத்து, கட்டடத்தின் உள்ளமைப்பை அப்படியே ஒரு கால்வட்டம் திருப்பிக்கொண்டனர். தூண்கள் அவையே, கூரை அதுவே. நிற்பவரின் முகம் மட்டும் வேறு திசையில். ஓர் அரசின் நினைவுச் சின்னங்கள் அதன் தொடக்க கால வலிமைக்கு ஏற்ற அளவினவாகவே இருக்கும் என்று ‘முகத்திமா’வில் எழுதியவர் இப்னு கல்தூன். தம் முன்னோரின் நகரில் அந்த மினாரா நிற்பதைக் கண்ட கண்கள் அவருடையவை.

பைத்தியக்காரர் என்று எண்ணட்டும்

நிலநடுக்கங்களால் பழைய கட்டடம் சேதமுற்றிருந்தது. 1401இல் பேராலயக் குருமார் அவை கூடி, புதிய ஆலயம் ஒன்றை எழுப்ப முடிவு செய்தது. கட்டி முடித்ததைக் காண்பவர்கள் நம்மைப் பைத்தியக்காரர் என்று எண்ணும் அளவுக்குப் பெரிதாகக் கட்டுவோம் என்று அன்று அவர்கள் பேசிக்கொண்டதாக ஒரு மரபு. அவ்வாறு சொன்னார்களோ இல்லையோ, செய்து காட்டினார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் பணி நடந்தது. தெற்கே கடற்கரையை ஒட்டிய சாந்தா மரியா ஊரருகே வெட்டிய கற்கள் ஆற்று வழியாகப் படகுகளில் வந்தன. வடக்கு ஃபிரான்சின் ரூவான் நகரத்துக் கார்லின் போன்ற கலைஞர்கள் வந்து பணியை நடத்தினர். 1506இல் நடுக் கவிகையில் கடைசிக் கல் வைக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1511இல், அக்கவிகை இடிந்து வீழ்ந்தது. ஹுவான் ஹில் தெ ஹோந்தான்யோன் அதனைச் சற்றுத் தாழ்த்தி 1519இல் மீண்டும் கட்டினார். 1888இல் ஒரு தூண் சரிந்ததால் அப்பகுதி மறுபடியும் வீழ்ந்தது, மறுபடியும் எழுந்தது.

கோதிக் முறை என்பது என்ன என்று மாணவர்கள் கேட்பர். அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதியாகவே இருக்க முடியும். இரண்டு வில்கள் உச்சியில் சந்திக்கும் கூர்வளைவுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. அகலம் குறைவாக இருப்பினும் வேண்டிய அளவு உயர்த்தலாம். பாரத்தை அது பக்கவாட்டில் தள்ளுவது குறைவு, கீழ்நோக்கி இறக்குவது மிகுதி. இதனோடு கூரையின் எடையைத் தாங்கும் விலா எலும்பு போன்ற கல் வரிகளும், வெளிப்புறத்திலிருந்து சுவரை அணைத்துத் தாங்கும் வளைவு முட்டுகளும் சேரும்போது, பருத்த சுவருக்குத் தேவை இல்லாமற் போகிறது. சுவர் இருந்த இடத்தில் வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைக்கலாம். சென்னைச் சாந்தோம் பேராலயத்தைப் பார்த்தவர்கள் இதன் சாயலைக் கண்டிருப்பர். 1896இல் எழுந்த அது, பழைய கோதிக் முறையைப் பின்பற்றிய பிற்காலக் கட்டடம்.

செவில் பேராலயத்தின் உள்ளே நின்றால் முதலில் உணர்வது அகலம். மற்ற கோதிக் ஆலயங்கள் பலவும் நீண்டு ஒடுங்கிச் சிலுவை வடிவில் செல்லும். இதுவோ ஏறத்தாழ நீள்சதுரம். நடுவே உயர்ந்த கூடம். இருமருங்கும் இவ்விரண்டு பக்கக் கூடங்கள். அவற்றுக்கும் அப்பால் சிற்றாலயங்களின் வரிசை. காரணம் எளிது. இடித்த பள்ளிவாசலின் அடிமனைக்குள்ளேயே புதிய ஆலயத்தைப் பொருத்தினர். பள்ளிவாசல் மறைந்தது, அதன் அளவு மறையவில்லை. நாம் இக்கட்டடத்தில் கண்டவற்றுள் மிக ஆழமான செய்தி இதுவே என்று கருதுகிறோம். கூரையும் தூணும் சுவரும் போன பின்பும், முன்னவர் தரையில் இட்ட கோடு பின்னவரின் கையை வழிநடத்தியிருக்கிறது.

தலைமைப் பலிபீடத்தின் பின்னுள்ள மரச்சிற்பத் திரையின் பணி பீட்டர் டான்கார்ட் என்னும் கலைஞரால் 1482இல் தொடங்கப்பட்டு, எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. முழுதும் பொன் பூசியது. ஈசா நபி (அலை), மர்யம் (அலை) ஆகியோரின் வாழ்வைக் கிறித்தவ மரபுப்படி காட்டும் சிற்பங்கள் நிறைந்தது. தென்புறத்தில் கொலம்பஸின் கல்லறை. நான்கு அரசுகளின் உருவங்கள் பேழையைத் தோளில் சுமந்து நிற்கின்றன. அது ஹவானாவில் இருந்தது. 1898இல் கியூபாவை ஸ்பெயின் இழந்தபின் இங்கு கொண்டுவரப்பட்டது. அதிலுள்ள எலும்புகள் கொலம்பஸுடையவையே என்று மரபணு ஆய்வாளர்கள் 2024இல் அறிவித்தனர்.

கூர்வளைவு யாருடையது?

நம் மேடைகளில் ஒரு கூற்று அடிக்கடி ஒலிக்கும்: கோதிக் கலையே முஸ்லிம்கள் தந்தது என்று. இதனைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

கூர்வளைவு முஸ்லிம் நாடுகளில் ஐரோப்பாவுக்கு முன்னரே வழக்கில் இருந்தது என்பது உண்மை. கெய்ரோவில் 879இல் நிறைவுற்ற இப்னு தூலூன் பள்ளிவாசல் முழுவதும் கூர்வளைவுகளால் ஆனது. இத்தாலியின் மோந்தே காஸினோ மடத்தில் 1071இலும், ஃபிரான்சின் குளூனி மடத்தில் 1088க்குப் பின்னும் கூர்வளைவு தோன்றுகிறது. முதல் கோதிக் கட்டடம் என்று சொல்லப்படும் பாரிஸ் அருகிலுள்ள சென் தெனி ஆலயப் பகுதி 1140களில் எழுந்தது. ஆங்கிலக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென், கோதிக் என்னும் பெயருக்கு மாற்றாகச் சாரசெனியம் என்று அழைப்பதே பொருந்தும் என்று எழுதினார். 2020இல் டயானா டார்க் என்னும் எழுத்தாளர் இதே கருத்தை ஒரு நூலாக விரித்தார். ‘கோதிக்’ என்னும் பெயரே, இக்கலையை இகழ விரும்பிய 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர்கள் பழைய கோத் இனத்தாரின் மேலேற்றிச் சூட்டியது. கோத் இனத்தாருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆயினும் கூர்வளைவு மட்டும் கோதிக் ஆகிவிடாது. வளைவையும் விலா வரிகளையும் வெளி முட்டுகளையும் ஒரே எலும்புக்கூடாக இணைத்து, கல்லை அத்தனை மெல்லியதாக்கி, அத்தனை உயரத்தில் நிறுத்திய அறிவு வடக்கு ஃபிரான்சின் கல்தச்சருடையது. அரிச்சுவடி ஓரிடத்திலிருந்து வந்தது. காவியம் வேறிடத்தில் பிறந்தது. பிறர் உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்வதால் நமக்குப் பெருமை கூடுவதில்லை. நமக்குரியதைச் சரியாகச் சொல்வதற்கே வேண்டிய அளவு செய்தி உண்டு.

அத்தகைய செய்தி ஒன்று மொழியில் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் கொத்தனாரைக் குறிக்கும் சொல் ‘அல்பன்யீல்’. இது ‘அல்பன்னா’ என்னும் அரபுச் சொல்லே. வண்ண ஓடு ‘அசுலேஹோ’, அரபில் ‘அஸ்ஸுலைஜ்’. வெயிலில் காய்ந்த மண் கல் ‘அதோபே’, அரபில் ‘அத்தூப்’. தலைமைக் கட்டடக் கலைஞருக்கு ‘அலரீஃபே’, அரபில் ‘அல்அரீஃப்’. வென்றவர்களின் மொழியில் தோற்றவர்களின் தொழிற்சொற்கள் நிலைத்துவிட்டன. ஏனெனில் சாந்து குழைத்தவர்கள் அவர்கள்தாம். பேராலயத்துக்கு எதிரேயுள்ள அல்கஸார் அரண்மனையில் மன்னர் பெத்ரோ 1364ஐ ஒட்டிக் கட்டிய மாளிகையின் முகப்பைப் பார்த்தால் இது விளங்கும். கிறித்தவ மன்னரின் பெயரைச் சொல்லும் எழுத்துகளுக்கு நடுவே, அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை என்னும் கிரனாடா அரச மரபின் முழக்கம் நீல ஓட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழம் பள்ளிவாசல்களில் திராவிட முறைக் கல் தூண்களைக் கண்டு பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. கைவினைஞர் தமக்குத் தெரிந்த கலையை, யார் கேட்டாலும், அவர்களுக்காகச் செய்து கொடுப்பர்.

மினாராவில் ஏறுதல்

கோபுரம் சதுரமானது, ஒரு பக்கம் 13.6 மீட்டர். முவஹ்ஹிதுகள் கட்டிய செங்கற்பகுதி சுமார் 50 மீட்டர் உயரம். அடித்தளத்தில் ரோமர் காலக் கற்கள் பல எடுத்தாளப்பட்டுள்ளன. சிலவற்றில் லத்தீன் எழுத்துகள் இன்றும் தெரிகின்றன. ரோமரின் கல்வெட்டு முஸ்லிம்களின் மினாராவைத் தாங்க, அதன் தலையில் கிறித்தவரின் மணிக்கூடம். கீழிருந்து மேல்வரை நகரத்தின் வரலாறு அடுக்கி வைத்தாற்போல் உள்ளது.

உள்ளே படிகள் இல்லை. மேலே போகச் சாய்தளங்கள் அமைந்துள்ளன, மொத்தம் 35. உச்சியை நெருங்கும்போது மட்டும் சில படிகள். முஅத்தின் குதிரை மீதமர்ந்தே மேலே செல்லும்படி இவ்வாறு அமைத்தனர் என்பர். நாளுக்கு ஐந்து முறை ஐம்பது மீட்டர் ஏறி இறங்குவதன் கடுமையை எண்ணினால், கட்டியவரின் கருணை விளங்கும். முதியவர்களும் அதிக வருத்தமின்றி இன்று மேலே செல்ல முடிகிறது என்றால் அது எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் முஅத்தினுக்காகச் செய்த ஏற்பாடு. சுவர்ப்புறத்தில் செங்கல்லால் வார்த்த சாய்சதுர வலைப்பின்னல் ஒப்பற்றது. மர்ராகுஷின் குத்துபிய்யா மினாராவும், முற்றுப்பெறாமல் நின்றுபோன ரபாத்தின் ஹஸன் கோபுரமும் இதன் உடன்பிறப்புகள்.

பொன் உருண்டைகள் 14ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் வீழ்ந்தன. 1558 முதல் 1568 வரை எர்னான் ரூயிஸ் என்னும் கலைஞர் மேலே மணிக்கூடத்தைக் கட்டினார். உச்சியில் விசுவாசத்தின் வெற்றியைக் குறிக்கும் வெண்கலப் பெண்ணுருவம் நிறுத்தப்பட்டது. அது காற்றுக்கேற்பச் சுழலும் திசைகாட்டி. சுழல்வது என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்தே கோபுரத்துக்கு ‘ஹிரால்டா’ என்னும் பெயர் வந்தது. விசுவாசத்தின் உருவத்தைக் காற்றடிக்கும் பக்கம் திரும்புமாறு வைத்தது ஏன் என்று செவில் மக்களே நகைச்சுவையாகக் கேட்கக்கூடும். ரூயிஸின் பணியைப் பற்றி நாம் ஒன்று சொல்ல வேண்டும்: அது பழையதை அழுத்தவில்லை. கீழ்ப்பகுதியின் அளவை உணர்ந்து, அதன்மேல் அடுக்கடுக்காகக் குறுகிச் செல்கிறது. வேறு சமயத்தவர் கட்டிய கட்டடத்தை மதித்துச் சேர்த்த பகுதிக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

மேலிருந்து பார்க்கும்போது தெரியாத ஒன்றும் கீழே உண்டு. பேராலயத்துக்கு மிக அருகிலுள்ள ஒரு மதுவிடுதியைப் புதுப்பித்தபோது, அது முவஹ்ஹிது காலத்துப் பொதுக் குளியலகம் என்பது தெரிய வந்தது. விண்மீன் வடிவ ஒளித்துளைகளோடும் சுவர் ஓவியங்களோடும் அது வெளிப்பட்ட செய்தி 2021இல் உலகெங்கும் பரவியது. நூறு ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் பூசிய ஒரு கலைஞர், எதையும் உடைக்காமல் மூடிவைத்திருந்தார்.

இரு பக்கமும் பார்த்தல்

செவிலில் நின்று வருந்துகிற முஸ்லிம், இஸ்தான்பூலில் நின்று வருந்துகிற கிறித்தவரையும் நினைக்க வேண்டும். அயா சோஃபியா 1453இல் பள்ளிவாசலாக்கப்பட்டது, 1935இல் அருங்காட்சியகமாயிற்று, 2020இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. திமிஷ்கின் உமய்யாப் பள்ளிவாசல் நிற்கும் இடத்தில் முன்னர்த் தேவாலயம் இருந்தது. அதற்கும் முன்னர் ரோமரின் கோயில். ஒன்றுக்குக் கண்ணீரும் மற்றொன்றுக்குக் கைதட்டலும் என்று வைத்துக்கொண்டால் நாம் கற்பது வரலாறாகாது. கோர்தோபாவில் பள்ளிவாசலை முழுதும் இடிக்காமல் நடுவே பேராலயத்தை 1523 முதல் கட்டினர். செவிலில் பள்ளிவாசலை இடித்துவிட்டு மினாராவையும் முற்றத்தையும் வைத்துக்கொண்டனர். எது மேல் என்று கேட்டால் நாம் கோர்தோபாவையே சொல்வோம். அங்கே தூண்களேனும் எஞ்சின. ஆனால் கலைத்திறன் ஒன்றையே கருதினால், கோர்தோபாவின் நடுவே செருகிய பேராலயத்தைவிடச் செவிலின் பேராலயம் தன்னளவில் முழுமையானது.

இவ்விடத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. ஜெரூசலம் பணிந்தபோது, தொழுகை நேரம் வந்தது. திருக்கல்லறைத் தேவாலயத்துக்குள்ளேயே தொழலாம் என்று அதன் தலைமைக் குரு அழைத்தார். உமர் (ரலி) உள்ளே தொழவில்லை. வெளியே சென்று தொழுதார்கள். உமர் தொழுத இடம் என்று சொல்லிப் பின்வருவோர் அத்தேவாலயத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அவர்கள் கூறிய காரணம். இதனைப் பதிவு செய்தவர் 10ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவின் கிறித்தவத் தலைமைக் குருவாயிருந்த யூத்திகியுஸ் என்பது குறிப்பிடத்தக்கது. அயா சோஃபியாவையும் செவிலையும் அளக்க நம்மிடமே அளவுகோல் இருக்கிறது.

நான்கு மொழிக் கல்வெட்டு

பேராலயத்தின் கிழக்குக் கோடியில் அரச சிற்றாலயம் உள்ளது. செவிலை வென்ற மூன்றாம் ஃபெர்னாண்டோ 1252இல் இறந்து இங்கே அடக்கமானார். அவரைக் கத்தோலிக்கத் திருச்சபை 1671இல் புனிதராக ஏற்றது. அவர் உடல் வெள்ளிப் பேழையில் இருக்கிறது. அதன் அடியில், அவர் மகன் பத்தாம் அல்ஃபோன்ஸோவின் காலத்துக் கல்வெட்டுகள் நான்கு: லத்தீன், காஸ்டீலியம், அரபு, ஈப்ரு.

நான்கும் ஒரே மன்னரைப் புகழ்கின்றன. ஆனால் நான்கும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. புறச்சமயத்தார் கையிலிருந்து நகரைப் பறித்துக் கிறித்தவ வழிபாட்டுக்கு மீட்டார் என்று லத்தீன் கூறுகிறது. அரபுக் கல்வெட்டிலும் ஈப்ருக் கல்வெட்டிலும் அந்தச் சொற்கள் இல்லை. நாட்டின் பெயரும் மாறுகிறது. லத்தீனில் ஹிஸ்பானியா, காஸ்டீலியத்தில் எஸ்பான்யா, ஈப்ருவில் ஸெஃபாராத், அரபில் அந்தலுஸ். மன்னர் இறந்த ஆண்டையும் அவரவர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். காஸ்டீலியத்தில் பழைய ஸ்பானிய ஆண்டுக் கணக்கில் 1290. ஈப்ருவில் உலகப் படைப்பு முதலாக 5012. அரபில் ஹிஜ்ரி 650, ரபீஉல் அவ்வல் மாதம்.

அரபுக் கல்வெட்டை எழுதச் சொன்னவர், ஒரு செங்கல்லைத் தொட்டாலும் உயிர் தப்பாது என்று எச்சரித்த அதே அல்ஃபோன்ஸோ. எழுதியபோது அந்நகரில் அதனைப் படிக்கத் தெரிந்த முஸ்லிம்கள் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர்.